முன்னால் போகும் டாக்சி திடீரென்று நின்றால்: பைக் ஓட்டுபவருக்கான கணக்கும் சட்டமும்

2017 ஜனவரியில் கோவையில் ஒரு பொறியியல் மாணவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன கார் சாலை நடுவே சட்டென்று நின்றது. பைக் அதன் பின்னால் மோத, கீழே விழுந்த மாணவரின் காலில் பின்னால் வந்த பேருந்து ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. கூட வந்த கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவதுபோல் இருந்ததால் நிறுத்தியதாகக் கார் ஓட்டியவர் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலையில் வந்த தீர்ப்பு பொறுப்பை மூன்றாகப் பிரித்தது: கார் 50 சதவீதம், பேருந்து 30, மாணவர் 20.

தீர்ப்பு வந்ததும் பலருக்குக் குழப்பம். பின்னால் மோதியவன் மேல்தானே தப்பு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோம்? சரி, முன்னால் போனவர்தான் முழுப் பொறுப்பு என்றால் மாணவருக்கு எதற்கு 20 சதவீதம்?

அந்த வழக்கில் வந்தது சொந்த உபயோகக் கார். ஆனால் நகரத்தில் பைக் ஓட்டுபவர் இந்த மாதிரி நிறுத்தத்தை அதிகம் சந்திப்பது டாக்சிகளிடம்தான். ஆகவே டாக்சி ஏன் அப்படி ஓடுகிறது, அதை எப்படி முன்கூட்டியே கணிப்பது, மீறி மோதிவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம். களம் சென்னை, மற்ற ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இதன் அளவு தெரிய ஓர் எண். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டு, விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

டாக்சி என்றால் எது?

நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே தெரியும். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தால் வாடகை வண்டி. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருந்தால் மின்சாரத்தில் ஓடும் வாடகை வண்டி. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருந்தால், வாடகைக்கு எடுத்தவரே ஓட்டும் வண்டி. இந்த மூன்றாவது வகையை ஓட்டுபவருக்கு அந்த வண்டியும் சில நேரம் அந்த ஊரும் புதிது. அதனால் அவரிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

ஏன் இப்படி ஓட்டுகிறார்கள்?

தென் மாவட்ட ரயில்கள் வந்து சேரும் விடியற்காலையில் எழும்பூர் ரயில் நிலைய வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். காந்தி இர்வின் சாலையில் ஒரு டாக்சி மெதுவாக வருகிறது. ஸ்டியரிங் பக்கத்தில் ஸ்டாண்டில் போன்; வரைபடத்தில் நீலப் புள்ளி நகர்கிறது. பயணி அழைக்கிறார். ஸ்பீக்கரில், "அண்ணா, கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன், ப்ளூ சட்டை" என்று குரல். எந்தக் கேட், எந்தப் பக்கம் என்று ஓட்டுநருக்குப் புரியவில்லை. நடைபாதையில் பெட்டியோடு நிற்கும் ஒவ்வொரு முகமாகத் தேடுகிறார். பின்னால் ஹாரன். தூரத்தில் ஒரு கை உயர்கிறது. அந்த நொடியே ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்புகிறது, பிரேக் விழுகிறது. வண்டி நின்ற பிறகுதான் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுகின்றன. இத்தனைக்கும் நடுவில் அவர் பக்கக் கண்ணாடியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இதில் திமிர் எதுவும் இல்லை. அவர் கவனம் முழுக்க ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதில் இருந்தது. டாக்சிக்காரர் என்றாலே முரடர் என்று முடிவு கட்டினால் நமக்குக் கோபம் மட்டுமே மிஞ்சும். அவரை இழுக்கும் காரணங்கள் தெரிந்தால் அவர் அடுத்து செய்யப்போவது ஓரளவு தெரிந்துவிடும். முக்கியமானவை இவை:

1. இடக்குறி. பயணி நிற்கும் இடத்தை ஆப் ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. திறந்தவெளியிலேயே போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டும். மேம்பாலத்துக்கு அடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் இன்னும் தள்ளிப்போகும். புள்ளி சாலையின் எதிர்ப்பக்கத்தில் விழுந்துவிட்டால் ஓட்டுநருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும். அப்புறம் மீடியனில் அடுத்த கட் (திரும்பும் இடைவெளி) வந்ததும் அவசர யூ டர்ன்.

2. போன். வழிகாட்டுவதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்த மத்திய மோட்டார் வாகன விதிகள் 2020 அக்டோபரிலிருந்து இடம் தருகின்றன. ஆனால் அதே திரையில்தான் அடுத்த சவாரிக்கான அழைப்பும் வருகிறது. ஏற்கச் சில வினாடிகள்தான் அவகாசம். ஓடும் வண்டியில் அவர் கண் சாலையை விட்டு விலகுவது பெரும்பாலும் அப்போதுதான்.

3. வருமானம். காசு வருவது சவாரிக்கு. காத்திருப்புக்கும் காலி ஓட்டத்துக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. டீசல், வண்டிக் கடன் தவணை எல்லாம் போக மிச்சம் பார்க்க வேண்டுமானால் ஒரு சவாரியை முடித்த கையோடு அடுத்ததைப் பிடித்தாக வேண்டும். 2017 பிப்ரவரியில் டெல்லியிலும் பெங்களூரிலும் ஆப் டாக்சி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் குறைந்துபோன வருமானத்தை முன்வைத்துத்தான்.

4. தூக்கம். மத்திய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட ஆப் வாகன வழிகாட்டுதல்கள், ஒரு ஓட்டுநர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆப்பில் உள்நுழைந்திருக்கக் கூடாது என்றன. ஆனால் அவை வழிகாட்டுதல்கள்தான். மாநிலங்கள் விதியாக எடுத்துக்கொண்டால்தான் பல் முளைக்கும். ஒரே ஆள் இரண்டு மூன்று ஆப்களில் மாறி மாறி ஓட்டும்போது அந்த 12 மணி நேரத்தை எண்ணுவது யார்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேருந்துக்கு நிறுத்தம் இருக்கிறது, ஆட்டோவுக்கு ஸ்டாண்ட் இருக்கிறது. ஆப் டாக்சி ஆள் ஏற்றவும் இறக்கவும் பெரும்பாலான சாலைகளில் ஓர் இடமும் இல்லை. மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்துப் பாதியாகச் சுருங்கிய சாலையில் அவர் எங்கே நிறுத்தினாலும் அது யாரோ ஒருவரின் பாதைதான். நின்று ஏற்ற இடம் ஒதுக்காமல் ஓட்டுநரை மட்டும் பிடித்து அபராதம் போடுவதால் இந்தப் பிரச்சினை தீராது.

இடைவெளி: கணக்கு என்ன சொல்கிறது?

வண்டி நிற்க ஆகும் தூரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு எட்டி, விரல் பிரேக்கை அழுத்தும்வரை வண்டி அதே வேகத்தில் ஓடுகிறது. இது எதிர்வினைத் தூரம். பிரேக் பிடித்ததிலிருந்து நிற்கும்வரை ஓடுவது பிரேக் தூரம். எதிர்வினைக்கு 1 வினாடி, காய்ந்த சாலை, ஓரளவு நல்ல பிரேக் என்று வைத்துப் போட்ட கணக்கு:

30 கி.மீ. வேகத்தில்: 8 + 6 = சுமார் 14 மீட்டர்
40 கி.மீ. வேகத்தில்: 11 + 10 = சுமார் 21 மீட்டர்
50 கி.மீ. வேகத்தில்: 14 + 16 = சுமார் 30 மீட்டர்
60 கி.மீ. வேகத்தில்: 17 + 23 = சுமார் 40 மீட்டர்

வேகம் இரண்டு மடங்கானால் எதிர்வினைத் தூரம் இரண்டு மடங்காகிறது, பிரேக் தூரமோ நான்கு மடங்காகிறது. 30-க்கும் 60-க்கும் நடுவில் இருப்பது இந்த வித்தியாசம்தான்.

டாக்சியாக அதிகம் ஓடும் ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 40 கி.மீ. வேகத்தில் நிற்க, வரிசையாக ஐந்து டிசையர் நிறுத்தும் இடம் வேண்டும். நம் சாலைகளில் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு டிசையர்கூட நுழையாது.

முன்னால் போகும் டாக்சியும் நிற்கக் கொஞ்ச தூரம் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதனால் அந்த 21 மீட்டர் முழுவதும் எப்போதும் தேவைப்படாது. நடைமுறைக்கு இரண்டு வினாடி இடைவெளி போதும். டாக்சி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று மனதுக்குள் எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்கள் அதே கம்பத்தைக் கடந்துவிட்டால் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள். மழையில் இதை மூன்று நான்கு வினாடியாக்க வேண்டும். மெட்ரோ பள்ளங்களின் மேல் போட்ட இரும்புத் தகடும் சாலையில் அடித்த வெள்ளைக் கோடும் ஈரத்தில் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

அவ்வளவு இடம் விட்டால் நடுவில் ஒரு ஆட்டோ நுழைந்துவிடுமே என்பார்கள். நுழையும். அப்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி இடைவெளி விடுவதைத் தவிர வழியில்லை. அதனால் வீடு சேர ஓரிரு நிமிடம் தாமதமாகலாம்.

பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி தூக்கிப்போடும் என்ற பயம் நம்மிடம் ஊறியிருக்கிறது. உண்மையில் பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகிறது, அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. கைப்பிடி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்க வேண்டும். வெடுக்கென்று பிடித்தால்தான் சக்கரம் பூட்டிக்கொள்ளும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) கட்டாயம். அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும். அதைவிடப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் பத்து முறை நிறுத்திப் பழகுவது நல்லது.

அவர் உங்களைப் பார்க்கவே இல்லை

திடுமென்று குறுக்கே திரும்பிய ஓட்டுநர்கள் அநேகமாக ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பார்க்கவே இல்லை சார். நம்ப முடியாவிட்டாலும் அது பல நேரம் நிஜம். அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, மறைவிடம். உள்கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடிகளிலும் விழாத இடங்கள் ஒவ்வொரு காருக்கும் உண்டு. பின்கதவை ஒட்டி, பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இருப்பது அப்படி ஓர் இடம். கார் அகலத்தில் பாதிகூட இல்லாத பைக் அங்கே முழுசாக மறைந்துவிடும். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

இரண்டு, எதிரே வரும் சிறிய உருவம். கார், லாரியைவிடப் பைக் தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் கண் தப்பாகக் கணிக்கிறது. 1981-ல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில், 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்த அறிக்கை வெளியானது. வேறு வண்டியோடு மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், அந்த வண்டி பைக்கின் வழியுரிமையை மீறியிருந்தது. குறுக்கே திரும்பிய கார்களே அதில் பிரதானம். 2017 ஏப்ரலிலிருந்து வரும் இருசக்கர வண்டிகளில் பகலிலும் முகப்பு விளக்கு தானாக எரிவது இதற்காகத்தான். சிலர் தனியாக சுவிட்ச் வைத்து அதை அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டாக்சி தரும் முன்னறிவிப்புகள்

இண்டிகேட்டரை நம்பிக் காத்திருந்தால் பல நேரம் அது வரவே வராது. அதற்கு முன்பே வண்டி வேறு சில குறிகளைத் தந்துவிடும்.

1. காரணமில்லாமல் வேகம் குறைகிறது, முன்னால் சாலை காலி. ஓட்டுநர் ஆளையோ கதவு எண்ணையோ தேடுகிறார். இடப்பக்கம் வெட்டுவார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இடப்புறம் இருக்கும் சந்தில் நுழையாதீர்கள்.

2. நடைபாதை ஓரம் ஒருவர் போனையும் சாலையையும் மாறி மாறிப் பார்க்கிறார். அந்தத் தெருவில் ஒரு டாக்சி நிற்கப்போகிறது. உங்களுக்கு முன்னால் மஞ்சள் போர்டு இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

3. முன் சக்கரம். நிற்கும் டாக்சி கிளம்புமா என்பதை விளக்கைவிடச் சக்கரம் முதலில் சொல்லும். டயர் லேசாகத் திரும்பினாலே ஆக்சிலேட்டரைக் குறைத்துவிடுங்கள்.

4. நின்ற டாக்சிக்குள் விளக்கு எரிகிறது, பயணி குனிந்து போனில் பணம் அனுப்புகிறார். அடுத்த நொடி கதவு திறக்கும், சில சமயம் வலப்பக்கக் கதவே. நின்றிருக்கும் வண்டியைக் கடக்கும்போது உங்கள் ஹேண்டில்பார் முனைக்கும் அதற்கும் நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் இடம் விடுங்கள்.

5. மீடியனில் கட் வரப்போகிறது, டாக்சி வலப்பக்கமாக ஒதுங்குகிறது அல்லது தயங்குகிறது. யூ டர்ன். அந்த இடத்தில் அதை வலப்புறம் முந்துவது மிக ஆபத்து.

6. தடத்துக்குள்ளேயே வண்டி மெல்ல இப்படியும் அப்படியும் அலைகிறது. தூக்கம் அல்லது போன். ஒட்டிப் போகாமல் பின்தங்குங்கள், அல்லது நல்ல இடம் கிடைக்கும்போது ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள்.

சாலையில் எங்கே ஓட்டுவது? டாக்சிக்கு நேர் பின்னால் நடுவில் போனால் முன்னே என்ன நடக்கிறது என்றே தெரியாது. அதன் வலது பின்சக்கரத்தின் தடத்தில் போவது நல்லது. ஓட்டுநரின் கண்ணாடியில் விழுவீர்கள், முன்னால் போகும் வண்டிகளும் தெரியும், அது சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கினால் உங்களுக்கு வழி இருக்கும். கட் நெருங்கும்போது மட்டும் இது பொருந்தாது. அங்கே பின்னால் இருப்பதே சரி.

ஹாரனை ஓட்டுநரைத் தண்டிக்கும் ஆயுதமாக ஆக்காதீர்கள். கடக்கும் முன் ஒருமுறை, சுருக்கமாக, போதும். உரசிவிட்டுப் போன டாக்சியைத் துரத்திப் பிடித்துக் கண்ணாடியைத் தட்டுவதும் சிக்னலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திக் கேள்வி கேட்பதும் வேண்டாம். சண்டை முற்றினால் 1,000 கிலோ எடையுள்ள வண்டிக்குள் இருப்பவர் அவர், வெறும் சட்டையோடு நிற்பவர் நீங்கள். நம்பரைக் குறித்துக்கொண்டு, ஆப்பிலோ போக்குவரத்துக் காவல் துறையிடமோ புகார் செய்வதுதான் உங்களுக்கு நல்லது.

ஹெல்மெட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அது தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது. ஐஎஸ்ஐ முத்திரையும் மாட்டிய பட்டையும் இருந்தால்தான் அந்தப் பலன்.

மோதிவிட்டால்: சட்டம்

பின்னால் வருபவர் போதிய இடைவெளி விட வேண்டும் என்பது இன்றும் சட்டம்தான். 10-15 அடி இடைவெளியில் லாரியின் பின்னால் போய் மோதிய ஒரு வழக்கில், அந்த இடைவெளி போதாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. 2025 தீர்ப்பு இதை ரத்து செய்யவில்லை, இன்னொரு பக்கத்தைச் சேர்த்தது. முன்னால் போகிறவர் திடீரென்று நிறுத்துவதாக இருந்தால் பின்னால் வருபவருக்குச் சைகை காட்ட வேண்டும். சொந்த அவசரம் அந்தக் கடமையை நீக்காது.

இருவர் மேலும் தவறு இருந்தால் அதற்குப் பங்களிப்பு அலட்சியம் என்று பெயர். இழப்பீடு 10 லட்சம் என்று கணக்காகி உங்கள் பங்கு 20 சதவீதம் என்று முடிவானால் கைக்கு 8 லட்சம் வரும்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியவை:

1. முதலில் சிகிச்சை, 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். உதவ வருபவர்கள் வழக்குக்குப் பயப்பட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ அவர்களைப் பாதுகாக்கிறது.

2. வண்டிகளை நகர்த்தும் முன் படம் எடுங்கள்: டாக்சியின் நம்பர், நின்ற கோணம், டயர் தடம், சாலையின் அகலம். இண்டிகேட்டர் எரிந்ததா என்பதையும் படம் காட்டும்.

3. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை. அசட்டையாக ஓட்டியது பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 281-ம் பிரிவில் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 184-ன்படி, ஆபத்தாக ஓட்டினால் முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய்வரை அபராதமோ 6 மாதம் முதல் ஓராண்டுவரை சிறையோ இரண்டுமோ உண்டு. கையில் போனோடு ஓட்டுவதும் சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் இதில் அடக்கம்.

4. இழப்பீட்டு மனு. விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடலாம். திருத்தப்பட்ட சட்டம் சொல்லும் கெடு ஆறு மாதம். மருத்துவமனையிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். பணம் தருவது டாக்சியின் மூன்றாம் நபர் காப்பீடு. ஓட்டுநரிடம் வசதி இல்லையே என்று நீங்களாக விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

5. மோதிவிட்டு ஓடிய வண்டி தெரியவே இல்லையென்றால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

உங்கள் பக்கக் காகிதங்களும் சரியாக இருக்க வேண்டும். கோவை மாணவர் மேல் நீதிமன்றம் சொன்ன குறைகள் இரண்டு: போதிய இடைவெளி விடவில்லை, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லை. இழப்பீடாகக் கணக்கிட்ட தொகை சுமார் 1 கோடியே 14 லட்சம். 20 சதவீதம் போக அவருக்குக் கிடைத்தது வட்டி நீங்கலாகச் சுமார் 91 லட்சம். கழிந்துபோனது ஏறக்குறைய 23 லட்சம் ரூபாய்.